சாமி முகம் திருப்பிய போர்: தேசிங்கு ராஜன் கதையை நினைவுப் பாடலாக வாசித்தல்

திண்டிவனத்திலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் செஞ்சி. செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டரில் சிங்கவரம். அங்கே குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் செய்த கோயிலில் ரங்கநாதர் 24 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். தலை மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பினாற்போல இருக்கும். ஏன் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். தேசிங்கு சண்டைக்குப் போக உத்தரவு கேட்டான், சாமி வேணாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சி, அவன் எங்க கேட்டான்?

சிற்பத்துக்கும் 1714-ஆம் வருஷத்துச் சண்டைக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. சிற்பி செதுக்கிய கோணம் அது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோணத்துக்கு மக்கள் கண்டுபிடித்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். போரில் செத்த ஒரு இளைஞனை 300 வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கோயில் சிற்பத்தையே அவன் நினைவுக்குச் சாட்சியாக வைக்கிறார்கள். அந்தச் சாட்சி அவனுக்கு எதிராகப் பேசுகிறது. 'நீ போனது தப்பு' என்று தெய்வத்தையே சொல்லவைத்துவிட்டு, அதே மூச்சில் அவனுக்காக அழவும் செய்கிறார்கள்.

தேசிங்கு ராஜன் கதையை வீரகாவியம் என்று வகைப்படுத்திப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக ஒதுக்குவது வழக்கம். நான் அதை ஒரு நினைவுகூரல் பனுவலாக வாசிக்க விரும்புகிறேன். போரில் இறந்தவனுக்கு மரியாதை செய்வதென்றால் அவன் செத்த போரையும் சரி என்று சொல்லியாக வேண்டுமா? கொடி நாள் உரைகளிலிருந்து சினிமா வரை இன்று நம்மிடம் இருக்கும் பெரும்பாலான அஞ்சலி வடிவங்கள் 'ஆமாம்' என்ற பதிலை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கின்றன. செஞ்சிக்காரர்களின் பாட்டு அப்படி ஆரம்பிக்கவில்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1698-இல் மராட்டியரிடமிருந்து செஞ்சியை முகலாயர் பிடித்த பிறகு, புந்தேலா ராஜபுத்திரரான சொரூப்சிங் கோட்டைக்குப் பொறுப்பாளரானார். ஆர்க்காட்டுக்குக் கட்ட வேண்டிய வரி வருஷக்கணக்கில் பாக்கி விழுந்தது. 1714-இல் அவர் இறந்தார். மகன் தேஜ்சிங் செஞ்சிக்கு வந்து, யார் அனுமதிக்கும் காத்திராமல் பொறுப்பை எடுத்துக்கொண்டான். தமிழ் வாயில் அந்தப் பெயர் தேசிங்கு ஆனது. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பாக்கியைக் கேட்டார், இவன் மறுத்தான். 1714 அக்டோபர் 3 அன்று, செஞ்சிக்குக் கிழக்கே, வெள்ளம் புரண்ட ஆற்றங்கரையில் சண்டை. நவாப் பக்கம் பெரும்படை, இவன் பக்கம் சில நூறு குதிரைவீரர்கள். அன்றைக்கே முடிந்துவிட்டது. அவனுக்கு 22 வயது என்பார்கள். சி. எஸ். சீனிவாசாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய செஞ்சி வரலாற்றில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது ஒரு வரிப்பாக்கித் தகராறு. பேசித் தீர்த்திருக்கலாம். பாடியவர்களுக்கும் இது தெரியும், அவர்கள் மறைக்கவில்லை. கதையில் நவாபின் ஆளாக வரும் தோன்றமல்லனைத் தேசிங்கு அவமானப்படுத்தி அனுப்பும் இடத்தில், அவன் திமிரைத் திமிராகவே காட்டுகிறார்கள். வீரனின் பக்கம் நின்று பாடுகிற ஒரு பாட்டு, சண்டையின் தொடக்கத்தை இவ்வளவு அற்பமாக வைத்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

வெல்செரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 2001-இல் வெளியிட்ட, தென்னிந்திய வரலாற்றெழுத்து பற்றிய நூலில் தேசிங்கு கதைக்குப் பெரிய இடம் உண்டு. பாரசீகத்தில் எழுதப்பட்ட நவாப் தரப்பு வரலாறு, மெக்கன்சி காலத்தில் நாராயணப் பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம், நாட்டுப்பாடல் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து, பாடலுக்குள்ளும் வரலாற்று உணர்வு இருக்கிறது என்று நிறுவுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் இதெல்லாம் நடந்தது பாடியவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. எனக்கு வேறு கேள்வி. தெரிந்ததில் எதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்கள், எதை அவசரமாகக் கடக்கிறார்கள்? ஒரு சமூகம் எப்படித் துக்கம் கொண்டாடுகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

நிறுத்திச் சொல்கிற இடங்கள் மூன்று. தேசிங்கு மனைவியிடம் விடைபெறுவது முதலாவது. கல்யாணமாகியும் முகம் பார்த்துக்கொள்ளாத தம்பதி அவர்கள். நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவன் பேசுகிறான், அந்தப் பக்கம் அவள். வாழவே ஆரம்பிக்காத ஒரு வாழ்க்கை முடியப்போகிறது என்பதைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான காட்சி நம் கதைப்பாடல்களில் அதிகமில்லை. போர்க்களத்துக்குப் போகுமுன்பே இழப்பு எவ்வளவு என்று கணக்குக் காட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது, வழுதாவூர்க் கல்யாணப் பந்தல். தேசிங்கின் நண்பன் மோவுத்துக்காரன் (முகமதுகான் என்றும் மகபத்கான் என்றும் எழுதுபவர்கள் உண்டு) அங்கே மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறான். செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. பந்தலை விட்டு எழுந்து குதிரை ஏறிவிடுகிறான். நம் ஊர்க் கிழவிகள் கூத்தில் இந்தக் கட்டம் வந்தால் 'அடப்பாவி' என்பார்கள். அந்தப் 'பாவி' யாருக்கு? ஓலை அனுப்பினவனுக்கா, எழுந்து போனவனுக்கா? இரண்டு பேருக்கும்தான் என்று நினைக்கிறேன். நட்புக்கு மரியாதை, அந்த நட்பு வாங்கிய விலைக்கு ஆத்திரம். இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ரங்கநாதரைக் கும்பிடுகிற ராஜபுத்திரனும் முஸ்லிமும் ஒரே சாவில் சேர்வதை 'மத நல்லிணக்கம்' என்று இன்று மேடையில் எடுத்துச் சொல்கிறோம். பாட்டு அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. சிநேகிதன் கூப்பிட்டான், போனான்.

மூன்றாவது தேசிங்கின் சாவு. நிஜத்தில் அவன் களத்தில் எதிரியால் கொல்லப்பட்டான். பாட்டில், நண்பன் செத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகு தன் வாளை ஆகாயத்தில் எறிந்து மார்பில் ஏந்திக்கொள்கிறான். எதிரி கையால் சாகாத பெருமையை வீரனுக்குக் கொடுப்பதற்காக இப்படி மாற்றினார்கள் என்பது வழக்கமான விளக்கம். இருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தில் இன்னொன்றும் நடந்துவிடுகிறது. அவனைக் கொன்றவன் அவனே என்றாகிறது. ரங்கநாதர் முகம் திருப்பியபோது ஆரம்பித்த தீர்ப்பு இங்கே முடிகிறது. புகழ்ச்சியும் குற்றச்சாட்டும் ஒரே வாளில் இறங்குகின்றன.

எதிர்ப் படையைத் துவம்சம் செய்யும் இடங்கள் சம்பிரதாயமானவை. கை வெட்டினான் தலை வெட்டினான் என்று எந்தக் கதைப்பாடலிலும் வரும் அடிகள் இங்கேயும் வரும், பாடகர் மூச்சு வாங்கிக்கொள்ள உதவும். பெரிய எழுத்துப் பதிப்புகளை வாசிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

குதிரைகளைச் சொல்லாமல் விட முடியாது. தேசிங்கின் குதிரை பாராசாரி, மோவுத்துக்காரனின் குதிரை நீலவேணி. இரண்டும் பெயரோடு வருகின்றன, பெயரோடு சாகின்றன. நீலாம்பூண்டியில் நண்பனின் சமாதியையும் குதிரையின் சமாதியையும் இன்றும் காட்டுகிறார்கள். செஞ்சியில் செட்டிகுளத்தருகே உள்ள மேடையைத் தேசிங்கை எரித்த இடம் என்கிறார்கள். குதிரைக்கும் சமாதி வைப்பதை மிகையான பாசம் என்று சிரிப்பவர்கள் இந்தப் பகுதியின் பழைய பழக்கத்தை அறியாதவர்கள். விழுப்புரம் மாவட்டத்திலேயே அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. சண்டையில் ஊர்ச்சேரியின் மானத்தைக் காத்த ஒரு சேவலுக்கு ஏறத்தாழ 1,500 வருஷத்துக்கு முன் எடுத்த கல் அது. கோழியின் உருவம், எந்தச் சேரியின் கோழி என்ற எழுத்து. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், மாண்ட வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

தொல்காப்பியர் நடுகல்லுக்கு ஆறு கட்டம் சொல்கிறார்: கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து அதை வாழ்த்துவது வரை. சங்கப் பாட்டுகளில் வழிப்போக்கர்கள் நின்று வாசிக்கும் கல்லில் இரண்டு விஷயம் இருக்கும். யார் செத்தார், எதற்காகச் செத்தார். செத்தது பெரும்பாலும் ஆடு மாட்டுக்காகத்தான். அடுத்த ஊர் மாட்டை ஓட்டிவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. எந்தப் பக்கம் நியாயம் என்று கல் கேட்டதில்லை. தேசிங்கு கதை இந்த மரபில் வந்த பாட்டுக் கல்.

இந்தப் பின்னணியோடு இன்னொரு வகைக் கல்லைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரச் சர்க்கார் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சின்னச் சின்னச் சலவைக்கல் பலகைகளைப் பதித்தது. எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில வாசகம், எண் மட்டும் மாறும்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். பெயர் கிடையாது. யாரோடு சண்டை, எங்கே சண்டை என்பதும் கிடையாது. எழுதின பாஷையே ஊர்க்காரனுக்குத் தெரியாது. அரசலாபுரத்துக் கோழியைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுகூட அந்த மனிதர்களைப் பற்றிக் கல் சொல்வதில்லை.

ஊரில் கல் சின்னது, இடம் போதாது என்று சமாதானம் சொல்லலாம். பாஸ்ராவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், மாண்டவர்களுக்காக 1929-இல் திறந்த நினைவுச்சின்னம் அது. மதராஸ் சாப்பர்ஸ் உட்பட இந்தியப் படைகள் ஏராளமாக அங்கே போயிருந்தன. இறந்தவர் ஒவ்வொருவரையும் பதவி வித்தியாசம் பாராமல் பெயரோடு நினைவுகூர்வது என்பது அதைக் கட்டிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. அங்கே பிரிட்டிஷ்காரர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. இந்திய அதிகாரிகளின் பெயரும் இருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் மட்டும் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஒரு எண்ணாக நிற்கிறார்கள். அப்படி எண்ணாகிப்போனவர்கள் 33,000-க்கும் மேல். 2021-இல் ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயராகவோ, சில இடங்களில் எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. அது 3,50,000 வரைகூடப் போகலாம் என்கிறது அறிக்கை. நூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு. சரி, வந்ததே.

பெயரை விட்டது மறதியால் இல்லை. பெயர் எழுதினால் ஊர் எழுத வேண்டும், ஊர் எழுதினால் இவன் ஏன் அங்கே போனான் என்ற கேள்வி வரும். எண் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

அந்தக் கேள்வி நம்மையும் விடாது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. கடற்கரையில் முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்தவர்களின் நினைவிடம் இருக்கிறது. நவம்பர் 11 அன்று மாலை வைப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைப் பாண்டிப் பக்கம் 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்ட சொல்தாக்கள் உண்டு. அங்கே எதிரில் நின்றவர்கள் தங்கள் விடுதலைக்காகப் போராடிய ஜனங்கள். நியாயத்தைத் தராசில் வைத்தால் சொல்தாவின் தட்டு மேலே போய்விடும். அதற்காக அவன் வீட்டில் விளக்கேற்றக் கூடாது என்று யாரும் சொல்லமாட்டோம்.

ஆனால் ஒரு முறை ஏறக்குறைய அப்படித்தான் சொன்னோம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1987 நவம்பரில் விழுந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் படை ஈழத்தில் தமிழர்களுக்குச் செய்ததை எண்ணித்தான் போகவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் படித்தவர்கள் அந்த முடிவை எளிதில் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கப்பலில் வராதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத் தமிழில் என்ன எழுதினோம்? அந்தப் போர் தவறு என்று எழுதினோம், நிறையவே எழுதினோம். தவறான போரில் செத்தவனைப் பற்றி எழுதத் தெரியவில்லை. ரங்கநாதரைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தது. அதற்குப் பிறகு செஞ்சிக்காரர்கள் பாடினார்களே, அந்த இரண்டாம் பாதிதான் வரவில்லை. அந்தப் படையினருக்குப் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று கொழும்பை ஒட்டி, இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகில் நிற்கிறது. விசித்திரம்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு நடந்தது இன்னும் கொடியது. 2009-க்குப் பிறகு புலிகளின் துயிலும் இல்லங்களை இலங்கை ராணுவம் புல்டோசர் வைத்துத் தகர்த்தது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்தின் மேலேயே படைத் தலைமையகம் கட்டியது. புலிகளின் அரசியலைக் கடுமையாக விமர்சிப்பவர்கள்கூட, நவம்பர் 27 அன்று ஒரு தாய் மகன் புதைந்த மண்ணில் விளக்கு வைப்பதற்கும் இயக்கத்தைச் சரி என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை மறுப்பதில்லை. அரசுகளுக்கு அந்த வித்தியாசம் புரிவதில்லை. புரிந்தே செய்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

சினிமாவுக்கு வருகிறேன். 1960-இல் வந்த ராஜா தேசிங்கு படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். தேசிங்கும் அவரே, தாவூத்கானும் அவரே. இந்து மகன், முஸ்லிம் மகன், ஒரே அப்பா. நட்பை ரத்த உறவாக்கியதும் கதையின் கனம் இறங்கிவிட்டது. அண்ணன் தம்பிக்காகச் சாவது கடமைக் கணக்கில் சேரும். வேற்றாள் ஒருவன் தன் கல்யாணப் பந்தலை விட்டு வருவதற்குக் கணக்கே கிடையாது, பாட்டின் வலி அங்கேதான் இருந்தது.

2024-இல் வந்த அமரன் இதைவிட நல்ல படம். 2014 ஏப்ரலில் காஷ்மீரில் வீரமரணமடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனை அவர் மனைவியின் குரல் வழியே சொன்னது சரியான தேர்வு. செஞ்சிப் பாட்டில் திரைக்கு அந்தப் பக்கம் நின்றவள் இங்கே முன்னால் வந்து பேசுகிறாள். வீட்டுக் காட்சிகளில் இழப்பின் எடை தெரிகிறது. ஆனால் களத்துக்குப் போனதும் படத்துக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த மலைகளில் வாழும் ஜனங்கள் பின்னணியாகிவிடுகிறார்கள். இப்படி ஒரு அதிகாரியை ஏன் திரும்பத் திரும்ப இங்கே அனுப்ப வேண்டியிருக்கிறது என்று கேட்பதற்குப் படத்தில் ஆளில்லை, சாமியும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் வீரனுக்கு அவமரியாதை ஆகிவிடும் என்று இயக்குநர் பயந்திருக்கலாம். தேசிங்கைப் பாடியவர்களுக்கு அந்தப் பயம் இருந்ததில்லை, அவன் புகழும் குறைந்துவிடவில்லை.

பாட்டிலும் குறை உண்டு. வரிப்பாக்கித் தகராறில் ராஜாவின் பின்னால் போய்ச் செத்த அந்தச் சில நூறு குதிரைவீரர்கள் யார்? இரண்டு மனிதருக்கும் இரண்டு குதிரைக்கும் கிடைத்த கண்ணீர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை செஞ்சிப் பாட்டும் பாஸ்ராக் கல்லைப் போலத்தான், எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. நவாப் பக்கம் செத்தவர்களும் வெட்டுப்படுவதற்காகவே வருகிறார்கள். நடுகல் மரபு இந்த விஷயத்தில் மேல், அது சாதாரண ஆளுக்கு நட்ட கல்.

இதைவிடப் பெரிய சங்கடம் ராணி. கணவன் முகம் பார்க்காதவள் அவன் சிதையில் ஏறுகிறாள். நவாப் மனம் உருகி அவள் நினைவாக ஒரு ஊர் கட்டினார், அதுதான் ராணிப்பேட்டை என்பது வழக்கு. வீரனின் சாவைப் பற்றி அவ்வளவு தெளிவாக யோசித்த பாட்டு, இந்தச் சாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதைப் பெருமையாக வாங்கிக்கொண்டு முடித்துவிடுகிறது. இங்கே எந்தச் சாமியும் முகம் திருப்பவில்லை. கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

2025 ஜூலையில் மராட்டியரின் ராணுவ நிலக்காட்சிகள் என்ற வரிசையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். தேசிங்கின் சண்டை மராட்டியர் போய் 16 வருஷம் கழித்து நடந்தது, ஆகையால் அந்த வரிசைக்குள் அவன் வரமாட்டான். இனி வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவார்கள், ராஜகிரி ஏறுவார்கள், வழிகாட்டிகள் இரண்டு வரியில் அவன் கதையையும் சொல்வார்கள். அந்தச் சமயத்துக்காவது தேசிங்கு ராஜன் கதைக்குப் பாட வேறுபாடுகளோடும், ஊர்ப்பெயர்க் குறிப்புகளோடும் ஒரு நல்ல பதிப்பு கடையில் கிடைக்க வேண்டும். வழுதாவூர், சிங்கவரம், நீலாம்பூண்டி மூன்றும் அதில் ஒரு வரைபடமாக இருந்தால் திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஏறுகிற எவரும் ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.